ஓகா மடத்துக் கோழியும் அம்மாவின் கடகத்து முட்டைகளும்





இது மறையுரை அன்று. ஒரு கோழியைப் பற்றிய பதிவு. இறுதியில் ஒரு மன்னிப்பும் ஒரு வேண்டுகோளும் இருக்கின்றன. ஆகவே, நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த தை மாதம் 17 ஆம் திகதி, புனித வனத்து அந்தோனியார் திருநாளன்று, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தபின், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில், சிறிது நிலத்தோடு ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறியவர்கள் அவர்கள். வனத்து அந்தோனியார் வீட்டு விலங்குகளின் பாதுகாவலர். அவருடைய திருநாளில் கால்நடைகளை மந்திரிப்பது திருச்சபையின் பழைய வழக்கம். அதை மறவாத அந்த வீட்டு அம்மம்மா தொலைபேசியில் அழைத்து, "சுவாமி, பேரன் கோழி வளக்கிறான். ஒருக்கா வந்து மந்திரிச்சு விடுங்கோ" என்றார்.

பேரன் என்றதும் எனக்குள் ஒரு தயக்கம் எழுந்தது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று வெளியே குளிர் இருபது பாகைக்கும் கீழே இறங்கியிருந்தது. தீர்த்தச் செம்பை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு பனியில் நடந்து கோழிக்கூட்டுக்குப் போனோம். உள்ளே எட்டுப் பேடுகளும் ஒரு சேவலும். யாவும் தூய வெண்மை. நம் ஊர்ச் சேவலுக்குரிய எழுந்து நிற்கும் சிவந்த கொண்டை அந்தச் சேவலுக்கு இல்லை. தலையில் ஒட்டிய சிறு மொட்டுப்போல ஒன்று இருந்தது. கழுத்தடியில் தொங்க வேண்டிய சதை மடலும் பெயரளவுக்கே இருந்தது. "பாவம், இதற்குக் கொண்டை வளரவில்லையே" என்றேன்.

பதினேழு வயதுப் பேரன் சிரித்தான். "இல்லை ஃபாதர், அது பிளான் பண்ணிச் செய்தது. பெரிய கொண்டை எண்டால் இந்தக் குளிரிலை கறுத்துச் செத்துப்போயிடும். இது ஷான்டெக்ளேர். கனடாக் கோழி. ஒரு பிரதர்தான் இதை உண்டாக்கினவர்."

ஒரு பிரதர்! ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் குருவாக இருக்கிறேன். இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. வீடு திரும்பியதும் தேடி வாசித்தேன். அறிந்ததை உங்களோடு பகிர்கிறேன்.

மொன்றியலுக்கு மேற்கே ஓகா என்ற ஊரில், 1881 இல் பிரான்சிலிருந்து வந்த திராப்பிஸ்ட் துறவிகள் ஒரு மடத்தை நிறுவினார்கள். ஓகா என்ற பெயரில் நீங்கள் கடையில் வாங்கும் பாலாடைக்கட்டி அந்த மடத்தில்தான் பிறந்தது. மடத்தோடு இணைந்த விவசாயக் கல்லூரியில் கோழிப் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்தவர் சகோதரர் வில்ஃபிரிட் ஷாட்டலேன். 1907 இல் தம்மைக் காண வந்த தந்தையைப் பண்ணை வழியே அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த இனங்களில் ஒன்றுகூடக் கனடாவில் உருவானதன்று என்பது அவருக்கு உறைத்தது என்று சொல்வார்கள். எல்லாம் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவை. வெப்பமான நாடுகளுக்கேற்ற நீண்ட கொண்டையைச் சுமந்துகொண்டு, கியூபெக்கின் பனியில் அவை துன்புற்றன. குளிர்காலத்தில் முட்டையிடுவதையும் குறைத்தன.

அடுத்த ஆண்டு சகோதரர் வேலையைத் தொடங்கினார். கோர்னிஷ் சேவலை வெள்ளை லெகோர்ன் பேட்டோடு சேர்த்தார். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெள்ளை வயண்டோட் பேட்டோடு சேர்த்தார். இவ்விரு வழிகளின் குஞ்சுகளையும் ஒன்றோடொன்று இணைத்தபின், வெள்ளை பிளிமத் ரொக் சேவலையும் கலந்தார். பிறகு ஆண்டுதோறும் பொறுக்கியெடுத்தார். சிறிய கொண்டை, குளிர்கால முட்டை, மேசைக்கு ஏற்ற தசை ஆகிய மூன்றும் உள்ளவற்றை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு வைத்தார். இப்படிப் பத்து ஆண்டுகள். 1918 இல் இந்த இனத்தை வெளியுலகுக்குக் காட்டினார். 1921 இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனியினமாக ஏற்றது. பெயர் பிரெஞ்சு மொழியின் இரு சொற்களால் ஆனது: பாடு, தெளிவாக.

ஒரு துறவி பத்து ஆண்டுகளைக் கோழிக்குச் செலவிடலாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். செபமும் கைத்தொழிலும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது புனித பெனடிக்ற்றின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகளின் வாழ்க்கை முறை. இந்த நாட்டின் ஏழைக் குடியானவன் வீட்டுக் குழந்தைக்கு மாசி மாதத்திலும் ஒரு முட்டை கிடைக்க வேண்டும் என்று உழைத்த அந்தத் துறவியின் பணியை நான் செபத்திலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

இதுவரை இது கனடாவின் கதை. இனி நம் கதையும் இதற்குள் வருகிறது.

சகோதரர் முதலில் எடுத்த கோர்னிஷ் சேவலைக் கவனியுங்கள். கோர்ன்வால் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு முனை. ஆனால் அந்தக் கோழியின் பழைய பெயர் 'இந்தியன் கேம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசில் என்ற போர்க்கோழியை ஆங்கிலப் போர்க்கோழிகளோடு கலந்து உருவாக்கப்பட்டதே அது. தமிழ்நாட்டில் பெருவிடை, சிறுவிடை என்று நாட்டுக்கோழியை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அவற்றுள் பெருவிடை இந்த அசில் வழியைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படுகிறது. சோழரின் உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் இருந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுத்துப் பொறித்து நட்ட நடுகல் இன்றும் இருக்கிறது. அப்படிக் கோழியைப் போற்றிய நிலத்தின் இரத்தம், கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து, ஓகா மடத்துக் கூட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இங்கே கடையில் விற்கும் கோழிகளின் கால்களும் தோலும் பெரும்பாலும் மஞ்சள் நிறமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உலகக் கோழிகளுக்கெல்லாம் முதன்மை மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் அந்த மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாம் விமானமேறி இங்கு வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே நம் நாட்டுப் பறவை இந்த நாட்டின் உணவு மேசைக்கு வந்துவிட்டது.

அசில் என்ற சொல் அரபு வேரிலிருந்து வந்தது. தூய குலத்தில் பிறந்தது என்பது அதன் பொருள். அந்தத் 'தூய' கோழி கலந்ததனால்தான் கோர்னிஷ் பிறந்தது. கோர்னிஷ் கலந்ததனால்தான் ஷான்டெக்ளேர் பிறந்தது. இன்று கியூபெக் அதைத் தன் மரபுச் செல்வம் என்கிறது. 1999 இல் அந்த மாகாணம் சட்டம் இயற்றி, கனடியக் குதிரை, கனடியப் பசு ஆகியவற்றோடு இந்தக் கோழியையும் தன் விவசாய மரபின் பகுதியாக அறிவித்தது. ஐந்து இனங்களின் கலப்பு, நூறு ஆண்டுகளுக்குள் ஒரு மக்களின் மரபாகிவிட்டது.

இருந்தும் அது அழியும் நிலைக்குப் போனது. காரணத்தைச் சொல்ல, நாம் எல்லோரும் உண்ணும் புறொயிலர்க் கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வழிகளை ஒரே தீனி கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்து, 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். 56 ஆம் நாளில் முதலாவது 905 கிராம். இரண்டாவது 1808 கிராம். மூன்றாவது 4202 கிராம். ஐம்பது ஆண்டுகளுக்குள் நான்கு மடங்குக்கு மேல். இந்த வேகத்தோடு எந்தப் பழைய இனம் போட்டியிட முடியும்? பண்ணைகள் ஒவ்வொன்றாகப் பழைய இனங்களைக் கைவிட்டன. உலக உணவு விவசாய நிறுவனம் 2007 இல் கணக்கிட்டபோது, பதிவிலிருந்த 7616 கால்நடை, கோழி இனங்களில் ஐந்தில் ஒன்று அழியும் ஆபத்தில் இருந்தது.

புறொயிலரை நான் பழிக்க வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கோழி இறைச்சித் தொழிற்சாலைகளின் குளிர் அறைகளில் இரவு வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு மலிவான கோழி இறைச்சி ஒரு வரம். பாரம்பரியக் கோழி மெதுவாக வளரும், விலை அதிகம், முட்டையும் குறைவு. இவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரே வழியை மட்டும் உலகம் முழுவதும் நம்பியிருந்தால், நாளை அந்த வழிக்கு ஒரு நோய் வரும்போது வேறு எங்கே போவது? குளிரைத் தாங்கும் குணமும், தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் குணமும், புழுதி கிளறித் தீனி தேடும் குணமும் பழைய இனங்களிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முட்டைக்கென்று வளர்க்கும் இன்றைய கோழிகளிடமிருந்து அடைகாக்கும் குணத்தைப் பெருமளவுக்குப் போக்கிவிட்டார்கள், அடையில் இருக்கும் நாட்களில் முட்டை கிடைக்காது என்பதனால். எருசலேமைப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஆண்டவர், தம்மைக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். அந்த உவமையைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை வளர்கிறது என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு.

ஷான்டெக்ளேருக்குத் திரும்புவோம். சஸ்கட்செவன் பல்கலைக்கழகத்தில் இருந்த சேவல்தான் கடைசி என்று எண்ணியிருந்தார்கள். 1979 இல் அது இறந்தபோது இனமே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அது அழியவில்லை. சிறு பண்ணைகளில், யாருடைய பதிவேட்டிலும் இடம்பெறாமல், அந்தக் கோழி உயிரோடு இருந்தது பின்னர் தெரியவந்தது. பெரிய அறிவிப்பு எதுவும் செய்யாமல், காலையில் தீனி போட்டு மாலையில் கூட்டை அடைத்து வந்த சாதாரண மனிதர்கள் அதைக் காத்திருந்தார்கள். 2009 இல் ஓகாவின் துறவிகளும், எண்ணிக்கை குறைந்து முதுமை எய்திய நிலையில், அந்தப் பெரிய மடத்தை விட்டு வேறிடம் சென்றுவிட்டார்கள். கோழி மட்டும் ஊர் ஊராக இருக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தார் மறக்க மாட்டீர்கள். நான் அப்போது இளம் குரு. என் பங்கு மக்களோடு நடந்துகொண்டிருந்தேன். அம்மா வேறொரு கூட்டத்தோடு நடந்தார். புறப்படும்போது அவர் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, வீட்டில் இருந்த நெல்லை முற்றத்தில் கொட்டினாராம். பிறகு, அடைக்கு வைக்கவென்று எடுத்து வைத்திருந்த ஆறு முட்டைகளை உமிக்குள் புதைத்து ஒரு சிறு கடகத்தில் எடுத்துக்கொண்டார். அந்த இரவில், அந்த மழையில், அந்தச் சன நெரிசலில், ஆறு முட்டைகள்! சாவகச்சேரியில் தங்கிய வீட்டுக்காரரிடம் ஒரு அடைக்கோழி இருந்தது. அதனிடம் கேளாமல், அதன் சொந்தக்காரியிடம் கேட்டு, அந்த ஆறையும் அதன் கீழ் வைத்தார். இருபத்தொரு நாட்களில் நான்கு பொரித்தன. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது, கூரையில்லாத எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த நான்கின் குஞ்சுகள் மேய்ந்ததை நானே கண்டேன்.

"அம்மா, வேறு கோழி அடைகாத்ததே, இது உங்கள் ஊர்க்கோழிதானா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "சூடு ஆருடையதாயிருந்தால் என்ன, முட்டை எங்கடைதானே தம்பி" என்றார். குருவான பிறகும் நான் அவருக்குத் தம்பிதான்.

இனி அந்தத் தயக்கத்தின் காரணத்தைச் சொல்கிறேன். அந்தப் பேரனின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், தவக்கால ஞாயிறு ஒன்றில், அவன் முதல் வாசகத்தை வாசித்தான். தமிழ் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிக் கூட்டி வாசித்தான். ழகரமும் றகரமும் அவனுக்கு வரவில்லை. கோவிலில் சிலர் சிரித்தார்கள். திருப்பலி முடிவில், அறிவித்தல்களோடு அறிவித்தலாக, நான் பீடத்திலிருந்து சொன்னேன்: "தமிழைக் கொல்லாமல் வாசிக்கக்கூடியவர்கள் மட்டும் இனிமேல் முன்வாருங்கள்." மீண்டும் சிரிப்பு எழுந்தது. மொழியைக் காப்பதாகவே அப்போது எண்ணினேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. அதன் பின்னர் அவன் வாசிக்க வரவில்லை. சிறிது காலத்தில் கோவிலுக்கும் வரவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை. அதுவே என் பெரிய பிழை.

அன்று கோழிக்கூட்டில் அவன் என்னோடு முழுவதும் தமிழில் பேசினான். பாதி ஆங்கிலம் கலந்த தமிழ். ஆனாலும் 'பேடு', 'அடை', 'குறுணல்', 'பொரிச்சது' என்று, என் மறையுரைகளில் ஒருபோதும் இடம்பெறாத சொற்களை அவன் வாயிலிருந்து கேட்டேன். அம்மம்மாவோடு சேர்ந்து கோழி வளர்த்ததில் வந்த சொற்கள் அவை. கோழிகளை அழைக்கும்போது அவன் "பா… பா… பா…" என்றான். என் அம்மா அழைத்ததும் அப்படித்தான். கியூபெக்கில் பிறந்த அந்தக் கோழிகள் யாழ்ப்பாணத்து அழைப்புக்கு ஓடி வந்தன.

நான் அவற்றை மந்திரித்தேன். தீர்த்தம் தெளித்த கணத்திலேயே செட்டையில் உறைந்தது. பிறகு, கூட்டின் வாசலில் நின்று, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. "இட்ஸ் ஓகே ஃபாதர்" என்றான். அது முழுதும் சரியாகிவிட்டது என்று பொருளல்ல என்பதை நான் அறிவேன். போகும்போது அவன் ஆறு முட்டைகளைத் தாளில் சுற்றி என் கையில் தந்தான். இளம் கபில நிறம். அவற்றுள் இரண்டைச் சமைக்க மனமின்றி நெடுநாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டது தனிமையில். அவனை நாணச் செய்தது உங்கள் அனைவரின் முன்னிலையில். ஆகவே இந்த மன்னிப்பை உங்கள் முன்னிலையிலும் கேட்கிறேன். அன்று சிரித்தவர்களும் தங்கள் உள்ளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி வேண்டுகோள். நம் பிள்ளைகளின் தமிழ் கலப்புத் தமிழ் என்று நாம் மனம் வருந்துகிறோம். கலப்பினால் ஓர் இனம் அழிந்ததாக நான் வாசித்தவற்றில் எங்கும் காணவில்லை. தீனி போட ஆளில்லாமல் அழிந்தவற்றைத்தான் கண்டேன். நம் வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி தீனி போடுங்கள். பேரப்பிள்ளையைச் சமையலறைக்குள் அழையுங்கள், தோட்டத்துக்குள் அழையுங்கள். செய்யும் வேலையோடு சேர்த்துக் கொடுத்த சொல் தங்கும். பிழையாகச் சொன்னால் திருத்துங்கள். பிறர் முன்னிலையில் திருத்தாதீர்கள். அடைகாக்கும் சூடு கனடாவினுடையதாக இருக்கலாம். முட்டை நம்முடையது.

கோழி வளர்க்க ஆசை கொண்டவர்களுக்கு ஒரு சொல். 2018 இல் ரொறன்ரோ மாநகரம் சில பகுதிகளில் நான்கு பேடுகள் வரை வளர்க்க அனுமதித்து ஒரு பரீட்சார்த்தத் திட்டம் நடத்தியது. சேவலுக்கு அப்போதும் இடமில்லை. அந்தத் திட்டமும் இப்போது முடிந்துவிட்டது. எனவே நகருக்குள் வாழ்வோர் அயலவரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம். கோடையில் விவசாயிகள் சந்தைக்குப் போகும்போது, பாரம்பரியக் கோழியின் முட்டை இருக்கிறதா என்று கேட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது வாங்குங்கள். பெருநாளுக்கு ஒரு கோழி வாங்கி நீண்ட நேரம் அவித்து இரசம் வையுங்கள்; நம் ஊர்க்கோழி இரசத்தின் வாசம் திரும்பி வரும். உண்ண ஆளிருந்தால்தான் வளர்க்க ஆளிருக்கும். இந்த இனங்கள் கண்காட்சிக் கூடத்தில் பிழைக்க மாட்டா.

வரும் ஞாயிறு தொடக்கம், வாசகம் வாசிக்க விரும்பும் எந்தப் பிள்ளையும் என்னிடம் பெயர் தரலாம். முதல்நாள் மாலை என்னோடு அமர்ந்து பழகலாம். எழுத்துக் கூட்ட இயலாதவர்களுக்கு ஆங்கில எழுத்தில் எழுதித் தருவேன். ழகரம் வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்குப் பிரெஞ்சில் அந்தக் கோழியின் பெயரே இன்னும் சரியாக வரவில்லை.

அம்மம்மா நேற்று அழைத்தார். ஒரு பேடு அடையில் இருக்கிறதாம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை